லாந்தர் கொடுத்தனுப்புகிறேன்

சே. ம. சூ.

சவேரியார் திருநாள்

அன்புள்ள தம்பி சாமிக்கு,

தோத்திரம். அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்காக அம்மா தினமும் விடியற்காலையில் 53 மணி ஜெபம் சொல்கிறாள். காது கேட்காததால் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அந்தச் சத்தத்தில்தான் எழுந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறார்கள்.

உனக்குக் குருப்பட்டம் கொடுத்த அன்றைக்கே அம்மா எனக்குச் சட்டம் போட்டுவிட்டாள். "இனிமே வாயில அவன் இவன்னு வரக்கூடாது. அவுக இவுகதான்." ஊர் முன்னால் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையை 'வாங்க சாமி' என்று சொல்லும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று நிமிரவும் செய்கிறது, வலிக்கவும் செய்கிறது. கடிதத்தில் மட்டும் பழைய தம்பியாக வைத்துக்கொள்கிறேன். படித்துவிட்டு மேசையில் போட்டுவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போனில் நீ மூச்சுவிடாமல் பேசினாய். 600 பேருக்கு கேக், கோபுரம் முழுக்க சீரியல் லைட், மேடை நிகழ்ச்சி, கிறிஸ்மஸ் தாத்தா, பிள்ளைகளுக்குப் பரிசுக் குலுக்கல். பங்குத்தந்தையாக உனக்கு இது முதல் கிறிஸ்மஸ். ஆசை இருக்கத்தான் செய்யும். நானும் 'சரிப்பா, சரிப்பா' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். போனை வைக்கப்போகிற நேரத்தில் ஒன்று சொன்னாய்: "இந்த வருசம் வீடு வீடாப் போற கேரல்ஸை நிறுத்திட்டேன்க்கா. கோயில் மைதானத்துலயே ஒரே ராத்திரியா வச்சு முடிச்சிருவோம்." அதற்கும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் இதைப் பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிறைந்து நாலு நாள் மறுகால் போனது. நெல் இப்போது பால் பிடிக்கிறது. இனி பெய்தால்தான் கெடுதல். கல்லறைத் திருநாளுக்கு மந்திரிக்கப் போனபோது அப்பா கல்லறையில் முழங்கால் உயரத்துக்குப் புல். நானும் தங்கச்சி மகனும் செதுக்கிவிட்டு வந்தோம். சிலுவையின் ஒரு கையில் விரிசல் விழுந்திருக்கிறது. நீ வரும்போது கொத்தனாரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ. நான் சொன்னால் 'ஆகட்டும்' என்கிறார், வர மாட்டேன் என்கிறார்.

திருவருகைக்கால முதல் ஞாயிறு நம்ம கோயிலில் வளையத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. மூன்று ஊதா, ஒரு ரோஸ் வேண்டும் அல்லவா? ரோஸ் நிறத்தில் சிவகங்கையில் எங்கேயும் கிடைக்கவில்லையாம். சிஸ்டர்மார் வெள்ளை மெழுகுவர்த்தியில் ரோஸ் காகிதத்தைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். மூன்றாம் ஞாயிறு ஏற்றும்போது காகிதம் பற்றிக்கொள்ளாமல் இருக்க வேண்டும், அதுதான் என் கவலை. வளையத்துக்குச் சவுக்குத் தழை கட்டியிருக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்கு இந்த வளையமெல்லாம் புதுசு. இன்னும் 'ஆகமன காலம்' என்றுதான் சொல்கிறாள். திருவருகைக்காலம் என்று நான் திருத்தினால், "வர்றவரு ஒருத்தருதானடி, பேரு எதுவா இருந்தா என்ன" என்கிறாள்.

பாடகர் குழுவுக்கு ராத்திரி எட்டு மணிக்குப் பயிற்சி. உன்னதங்களிலே பாட்டைப் புது மெட்டில் பழகுகிறார்கள். திருப்பலியில் அது இப்போது கிடையாது, எட்டாம் தேதி மாதா திருநாள் போன்ற நாள்களைத் தவிர. ஆனால் மணிமாடத்துக்குப் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பழகுவது தெருமுனை வரைக்கும் கேட்கிறது. அப்பா சொல்வது ஞாபகம் இருக்கிறதா? "நாலு வாரம் வாயக் கட்டிப்போட்டாத்தான் அந்த ராத்திரி அது பாட்டா வரும்." உபதேசியாராக இருந்த மனிதர் அல்லவா, சாமியார் இல்லாத நாளிலும் அவர்தான் கோயிலைத் திறந்து ஜெபம் சொல்லி ஜனத்தைக் கூட்டிவைத்தவர். காத்திருப்பதை ஒரு வேலையாக நினைத்துச் செய்தார். முதல் ஞாயிற்று வாசகம் முழுக்க விழித்திருப்பதைப் பற்றித்தானே. அன்றைக்கு ராத்திரியே லாந்தரை இறக்கி, சிமினியைச் சாம்பல் தொட்டுத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். நீ பக்கத்தில் உட்கார்ந்து சாம்பலை மூக்கில் பூசிக்கொள்வாய்.

குடில் வேலை இந்த வருசம் பெண் பிள்ளைகள் கையில். பையன்கள் எல்லாரும் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள், இருபத்துமூன்றாம் தேதிதான் வருவார்கள். பத்தாவது படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் என்னிடம் வந்து, 'உபதேசியார் தாத்தா எப்படிச் செய்வாரு, சொல்லுங்க பெரியம்மா' என்று கேட்டார்கள். எனக்கு அப்படி ஒரு சந்தோசம். கண்மாய்க் கரம்பை எடுத்துவந்து பிசைந்து மலை பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். பதினைந்தாம் தேதி வாக்கில் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகும் கம்பும் தூவிவிட்டால், திருநாளுக்குப் பச்சைப்பசேல் என்று முளைத்து நிற்கும். பிளாஸ்டிக் புல் வாங்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். உன் கோயிலுக்கும் சொல்லுகிறேன். தினம் காலையில் ஒரு பிள்ளை வந்து அந்தத் தட்டுக்குத் தண்ணீர் தெளிக்கட்டும். பத்து நாள் தண்ணீர் தெளித்த பிள்ளைக்கு, எதற்காகத் தெளிக்கிறோம் என்று நீ பிரசங்கத்தில் சொல்ல வேண்டியதே இல்லை.

குடிலைப் பற்றி அப்பா சொன்ன கதையை அந்தப் பிள்ளைகளுக்கும் சொன்னேன். அசிசியார் 1223-ல் கிரேச்சோ என்கிற மலைக் கிராமத்தில் முதல் குடிலை வைத்தபோது அதில் சுரூபமே வைக்கவில்லையாம். நிஜ மாடு, நிஜக் கழுதை, ஒரு தீவனத் தொட்டி, கொஞ்சம் வைக்கோல். அதற்கு மேல் பூசை வைத்தார்கள். அவர் சாமியார்கூட இல்லை, திருத்தொண்டர்தான். நற்செய்தியைப் பாடினார். அதைக் கேட்டுவிட்டுத்தான் அப்பா ஒரு வருசம் கீழவீட்டு வெள்ளாட்டுக் குட்டியைக் கொண்டுவந்து குடிலுக்குள் கட்டினார். அது முளைப்பாரி அத்தனையும் மேய்ந்துவிட்டு நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. நீ அப்போது கைக்குழந்தை.

சூசையப்பர் சுரூபத்துக்கு வலது கை விரல் மூன்று போய்விட்டது. எம்-சீல் வைத்து ஒட்டியிருக்கிறேன், கொஞ்சம் தடிப்பாகத் தெரிகிறது. அப்பா அவரை எங்கே வைப்பார் என்று நினைவிருக்கிறதா? எல்லாரும் மாதாவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அப்பா குடிலுக்கு வெளியே, பாதை ஓரத்தில், தனியாக நிறுத்தி வைப்பார். கேட்டால், "பேறுகாலப் பொம்பளைக்கு எடம் தேடி அலையிற ஆம்பள உள்ள உக்காந்துருப்பானா?" என்பார். இருபத்துநாலாம் தேதி ராத்திரி பூசைக்கு மணி அடிக்கிற நேரத்தில்தான் தன் கையால் எடுத்து உள்ளே வைப்பார். வீரமாமுனிவர் 1726-ல் தேம்பாவணியை 3,615 பாட்டாகப் பாடி, அதற்குச் சூசையப்பரைத் தலைவனாக வைத்தாரே, அந்தப் புத்தகத்தைப் பழுப்பேறிய அட்டையோடு மடியில் வைத்துக்கொண்டு, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் அப்பா ராகம் போட்டு வாசிப்பார். வளன் என்று சூசையப்பருக்கு வீரமாமுனிவர் வைத்த தமிழ்ப்பெயரைத்தான் உனக்கு வைக்க அப்பா ஆசைப்பட்டார். ஞானஸ்நானத்தில் தாத்தா பெயர் வந்துவிட்டது.

இனி விசயத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாமல் படி.

கேரல்ஸை ஏன் நிறுத்தினாய் என்று எனக்குத் தெரியும். போன வருசம் உண்டியல் காசில் கணக்கு இடித்தது. பையன்கள் இரண்டு பேர் குடித்துவிட்டு வந்தார்கள். எந்தத் தெருவில் முதலில் பாடுவது என்று கைகலப்பு வரைக்கும் போனது. புதுச் சாமியார் வந்த வருசத்தில் மறுபடியும் அப்படி ஆகிவிடக்கூடாது என்று உன் பங்குப் பேரவைக்காரர்கள் சொல்லியிருப்பார்கள். சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்பி, எந்தத் தெரு முதலில் என்கிற சண்டை பாட்டைப் பற்றியது இல்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கொரு பக்கமாக நடுவில் சுவர் நின்ற கதையை செமினரியில் படித்துவிட்டு வந்து, ராத்திரி முழுக்க என்னிடம் குமுறியவன் நீ. எல்லாரையும் மைதானத்துக்கு வரச் சொல்லிவிட்டால் அந்தச் சண்டை ஓய்ந்துவிடாது. அவரவர் தெருக்காரர்களோடு அவரவர் ஒரு மூலையில் உட்கார்ந்து கேக் தின்றுவிட்டுப் போவார்கள். ஒரு தெருவுக்காரன் இன்னொரு தெருவுக்காரன் வாசலில் போய் நின்று பாடுவது வருசத்தில் அந்த ஒரு வாரம்தான். அதையும் எடுத்துவிட்டால் என்ன மிச்சம்?

இது ஒரு காரணம். இன்னொன்று உன்னிடம் இதுவரைக்கும் சொல்லாதது.

அப்பா இறந்த வருசம். கல்லறைத் திருநாள் முடிந்து இரண்டு வாரத்தில் போனார். எனக்கு 21 வயசு, உனக்கு ஏழு. தங்கச்சிக்குப் பன்னிரண்டு. இழவு விழுந்த வீட்டில் அந்த வருசம் பலகாரம் சுடக் கூடாது, ஸ்டார் கட்டக் கூடாது, புதுத்துணி எடுக்கக் கூடாது. கேரல்ஸ் வருகிறவர்களும் அந்த வாசலில் பாட மாட்டார்கள், மரியாதையாக அமைதியாகக் கடந்து போய்விடுவார்கள். ஊர் வழக்கம். நீ சின்னப் பிள்ளை, உனக்கு என்ன தெரியும்? அவ்வளவு வருசமும் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் லாந்தரைப் பிடித்துக்கொண்டு போனவர் நம்ம அப்பா. கடைசி வீடாக நம்ம வீட்டுக்கு வந்து, உன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு பாடி முடிப்பார்கள். அதை நினைத்துக்கொண்டு நீ போர்வையைச் சுற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாய். தூங்கு என்றால் கேட்கவில்லை.

மேலத்தெருவில் பாட்டுச் சத்தம் கேட்டது. பிறகு நடுத்தெரு. நம்ம தெருமுனைக்கு வந்ததும் பாட்டு நின்றது. பெட்ரோமாக்ஸைத் தாழ்த்தினார்கள். செருப்புச் சத்தம் மட்டும் நம்ம வாசலைத் தாண்டிப் போனது. நீ எழுந்து தெருவுக்கு ஓடி, "எங்க வீடு இங்க இருக்கு, எங்க வீடு இங்க இருக்கு" என்று கத்தினாய். ஒருத்தரும் திரும்பவில்லை. திரும்பினால் அவர்களாலும் தாங்கியிருக்க முடியாது. நீ உள்ளே வந்து, "ஏன்க்கா நம்ம வீட்டுல மட்டும் பாடல?" என்று கேட்டாய். நான் உன்னை அறைந்தேன்.

அது உனக்கு நினைவிருக்கிறதா என்று இத்தனை வருசமும் கேட்கப் பயந்தேன். உன் கன்னத்தில் என் விரல் பதிந்திருந்தது. நீ அழவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாய். நான் அடுப்படியில் போய் உட்கார்ந்து, சத்தம் வராமல் இருக்கச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

மறுநாள் ராத்திரி பத்து மணி இருக்கும். கதவை யாரோ தட்டினார்கள். அப்போதைய பங்குச் சாமியார், கூட ஒரு பூசை உதவிப் பையன். சாமியார் கையில் நம்ம வீட்டு லாந்தர். அப்பா கோயில் சக்கரீஸ்தில் வைத்திருந்தது, யாரும் எடுத்துவராமல் அங்கேயே கிடந்திருக்கிறது. ஏற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். எனக்கு ஆத்திரம். 'இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க' என்கிற மாதிரி. கதவைத் திறக்கவே எனக்கு மனசு வரவில்லை, தங்கச்சிதான் திறந்தாள். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. தோத்திரம்கூடச் சொல்லவில்லை.

அவர் திண்ணையில் உட்கார்ந்தார். நல்ல வார்த்தை, ஆறுதல் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. உன்னை எழுப்பி மடியில் வைத்துக்கொண்டு, "உங்க அப்பா சொல்லிக்குடுத்த பாட்டுல எது உனக்குத் தெரியும்?" என்று கேட்டார். நீ தூக்கக் கலக்கத்தில், பாலனுக்கு அப்பா கட்டிய தாலாட்டைப் பாட ஆரம்பித்தாய். நாலு வரி பாடினாய். ஐந்தாவது வரி மறந்துபோய் நின்றுவிட்டாய். சாமியாருக்கும் தெரியவில்லை, பையனுக்கும் தெரியவில்லை. எல்லாரும் சும்மா இருந்தோம். அப்போது உள் அறையிலிருந்து அந்த ஐந்தாவது வரி வந்தது. அம்மா. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த அம்மா. நீ பாட, அவள் எடுத்துக் கொடுக்க, பாட்டு முடிந்தது. சாமியார் ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னார். கருப்பட்டிக் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார். லாந்தரைத் திண்ணையில் வைத்துவிட்டு இருட்டில் நடந்து போனார். அவ்வளவுதான்.

அந்த வருசம் சாமப் பூசைக்கு எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நான் வரவில்லை அல்லவா? அது பொய். கடவுள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். நீயும் தங்கச்சியும் அம்மாவோடு போனீர்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வந்து, கால்சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய கேக்கை எடுத்து என் கையில் வைத்தாய். பிசைந்த மாவு மாதிரி நசுங்கி, காகிதமும் அதுவும் ஒன்றாகிக் கிடந்தது. காகிதத்தோடு தின்றேன். அடித்த அக்காவுக்குக் கொண்டுவந்தாயே என்று. பாவசங்கீர்த்தனத்தில் இதையெல்லாம் எப்போதோ சொல்லியாயிற்று. உன்னிடம் அக்காவாகச் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. இப்போது சொல்லிவிட்டேன்.

ஊர்க்காரர்கள் செய்ததைத் தப்பென்று நான் சொல்ல வரவில்லை. மரியாதைக்குத்தான் விலகிப் போனார்கள். ஆனால் அந்த மரியாதை ஒரு சின்னப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது என்பதை நாம் இரண்டு பேரும் அறிவோம்.

ஐப்பசியில் உன் பங்கில் கிணற்று வேலைக்குப் போன பையன் ஒருவன் மண் சரிந்து இறந்தான் என்று சொன்னாய். அடக்கத்தன்று உன் குரல் போனில் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். இருபத்துநாலாம் தேதி மைதானத்தில் நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் வாழ்த்துச் சொல்லும்போது அந்தப் பையனைப் பெற்றவள் எங்கே இருப்பாள்? சீரியல் லைட் வெளிச்சம் விழாத வீடாகப் பார்த்துக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் உன் மைதானத்துக்கு வர மாட்டாள். மதம் மாறிக் கட்டிக்கொண்டாள் என்று ஒதுக்கிவைத்த பெண் வர மாட்டாள். மூன்று வருசமாகக் கோயில் வரி கட்டாதவன் தலை காட்ட மாட்டான். கிடையில் விழுந்த கிழவன் எப்படி வருவான்? நீதான் போக வேண்டும்.

ஆகவே அக்கா சொல்வதைக் கேள். கேரல்ஸை நிறுத்தாதே. உண்டியலை மட்டும் நிறுத்து. காசு வாங்குவதே இல்லை என்று ஞாயிறு பூசையில் சொல்லிவிடு, பாதிச் சண்டை அன்றைக்கே அடங்கும். திருநாள் செலவுக்கு வேறு வழி பார்த்துக்கொள், கேக் 600 வேண்டாம், பன்னும் டீயும் போதும். நீயே முன்னால் நட. சாமியார் கூடவே இருக்கும்போது எவனும் குடித்துவிட்டு வர மாட்டான். முதல் நாள் ஊரிலேயே கடைசியாக நினைக்கிற தெருவில் தொடங்கு. யாராவது முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். துக்க வீட்டுக்குக் கூட்டத்தோடு போகாதே, தபேலா வேண்டாம். நீயும் இன்னொருத்தரும் போங்கள். பாடு என்று அவர்கள் சொன்னால் பாடு, இல்லாவிட்டால் சும்மா உட்கார்ந்துவிட்டு வா. காப்பி கேட்டு வாங்கிக் குடி. அந்த வீட்டில் பலகாரம் சுட மாட்டார்கள், அக்கம்பக்கத்து வீடுகள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களிடம் இப்போதே சொல்லிவை. நமக்கு அந்த வருசம் முதல் தட்டு கொண்டுவந்தது பால்கார ஆச்சிதான். கோயில் வாசலையே மிதிக்காதவள், 'பிள்ளைக வாய் பாத்துக்கிட்டு இருக்குமே' என்று பணியாரம் சுட்டுக் கொண்டுவந்தாள்.

ஓரியூருக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனது ஞாபகம் வருகிறது. அந்தச் செம்மண்ணை நீ கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தாய். அருளானந்தர் லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்த பிள்ளை. காவி கட்டிக்கொண்டு இந்த மறவர் சீமையில் ஊர் ஊராக நடந்து, 1693-ல் அந்த மண்ணில்தானே வெட்டுப்பட்டார். பிரான்ஸில் பிறந்து 1973-ல் சருகணியில் அடங்கிய லெவே சாமி கல்லறைக்கு இன்றைக்கும் ஜனம் போகிறது. ஜனத்தோடு ஜனமாகக் கிடந்தவர் என்பதற்காகத்தான் போகிறது. உனக்கு நான் பெரியவர்கள் கதை சொல்ல வேண்டியதில்லை, நீ படித்தவன். ஆனாலும் போன வருசம் வரைக்கும் உதவிச் சாமியாராக இருந்தபோது உன் பேச்சில் ஆள்கள் இருந்தார்கள். 'அந்தக் கிழவி இப்படிச் சொல்லுச்சுக்கா, அந்தப் பையன் பாஸாயிட்டான்க்கா' என்பாய். பங்கு கைக்கு வந்த இந்த ஆறு மாதமாக லைட்டும் பெயிண்டும் பட்ஜெட்டுமாக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று, சாமப் பூசை. உனக்கு மூன்று கிளைக் கிராமம். கிறிஸ்மஸுக்கு ஒரு சாமியார் நள்ளிரவு, விடியல், பகல் என்று மூன்று பூசை வைக்கலாம் என்று தெரியும். ஆனால் நடுச்சாமம் எப்போதும் பெரிய கோயிலுக்குத்தானா? சின்ன ஊர்க்காரர்கள் வருசா வருசம் சாயந்திரம் ஏழு மணிக்கே பாலன் பிறந்துவிட்டதாக வைத்துக்கொண்டு தூங்கப் போகிறார்கள். நம்ம ஊரும் ஒரு காலத்தில் கிளைக் கிராமம்தான். மணி பன்னிரண்டுக்கு நம்ம கோயிலில் முதல்முறை பூசை நடந்த ராத்திரி, கிழவர்கள் மணியை அடித்து அடித்துக் கயிற்றை அறுத்துவிட்டார்கள் என்று அப்பா சொல்வார். இந்த வருசம் இருக்கிறதிலேயே சின்ன ஊருக்கு நடுச்சாமத்தைக் கொடுத்துப் பார். பெரிய ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

ராத்திரியில் பைக்கில் தனியாகப் போகாதே. மார்கழிப் பனியில் பாதை தெரியாது, மாடு படுத்துக் கிடக்கும். மப்ளர் ஒன்று வைத்திருக்கிறேன், அதைச் சுற்றிக்கொள், உனக்கு வெட்கம் எல்லாம் வேண்டாம். பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டை மறந்துவிடுகிறாய், வயிற்றுப்புண் மறுபடி வந்தால் யார் பார்ப்பது? இரண்டு வாழைப்பழமாவது தின்றுவிட்டு உட்கார். கிழவிகள் பாவத்தை விட்டுவிட்டுக் குடும்பக் கதை சொன்னால் தடுக்காதே. வருசம் முழுக்க அதைக் கேட்க அவர்களுக்கு ஆள் கிடையாது.

நீ இருபத்தெட்டாம் தேதி, மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று வருவதாகச் சொன்னதை அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். சாமியாரைப் பெற்ற வீட்டுக்குக் கிறிஸ்மஸ் எப்போதும் மூன்று நாள் தள்ளித்தான். அவளுக்கு அது மனசில் நிற்கவில்லை. தினமும் சாயந்திரம் திண்ணைக்கு வந்து, "சாமி பஸ் வந்துருச்சா?" என்று கேட்கிறாள். இன்னும் நாள் இருக்கிறது என்று விரலைக் காட்டுகிறேன். அதிரசத்துக்குப் பச்சரிசி எடுத்துவைத்தாயிற்று. உன் பங்கை அவள் தனி டப்பாவில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள், என்னைத் தொட விட மாட்டாள். வந்ததும் அவள் எதிரிலேயே ஒன்றாவது தின்றுவிடு. அந்தத் தாலாட்டைச் சத்தமாகப் பாடிக் காட்டு. ஐந்தாவது வரியில் வேண்டுமென்றே நின்று பார். காது கேட்காவிட்டாலும் உன் உதட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள் என்று நினைக்கிறேன்.

நம்ம தெரு டெய்லர் சனிக்கிழமை காரைக்குடிக்கு வருகிறார், உன் ஊர் வழியாகத்தான் பஸ். அவரிடம் மப்ளரும் அப்பா லாந்தரும் கொடுத்தனுப்புகிறேன். சிமினியைத் தனியாகக் கழற்றிப் பழைய சேலையில் சுற்றி, டப்பாவுக்குள் வைக்கோல் போட்டு வைத்திருக்கிறேன், பார்த்துப் பிரி. திரி புதுசு. மண்ணெண்ணெயை முக்காலுக்கு மேல் ஊற்றாதே, நடக்கும்போது தளும்பும். திரியை ரொம்ப ஏற்றினால் சிமினி கரி பிடிக்கும். கைப்பிடியில் இடது பக்கம் கொக்கி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, அப்பா அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வார்.

உன் அன்பு அக்கா